தாராவின் வாயில் ஒரு கொப்பு

மச்சான்,

இன்று காலை பஸ்ஸில் ஒரு கிழவரின் நாய் என் சப்பாத்தருகே நின்று உடம்பை உதறியது. ஈர நாயின் மணம் எழுந்ததும் நீ வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டாய். இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன். செத்த பிறகும் என்னை வேலைக்குப் பிந்த வைக்கிறாய், போ.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நமக்குக் கோப்பை கழுவும் வேலை தந்த வெள்ளைக்கார முதலாளியின் நாயும் அப்படித்தான் மணக்கும். உணவகம் பூட்டியிருந்த ஒரு தைமாதத் திங்கட்கிழமை, ஏரிக்குத் தாரா வாத்து சுடப் போகிறேன், வருகிறீர்களா என்று அவர் கேட்டார். "துவக்குச் சத்தம் வேண்டாமெண்டுதானே இஞ்ச வந்தனாங்கள்" என்றேன். "சும்மா வாடா, வெடி தாராவுக்குத்தான்" என்றாய். உன் வாயை நான் எப்போது வென்றேன்?

ஷாஃப்ஹவுசன் நகரத்துக்கு மேலே, ஏரிக்கரைச் சதுப்பு. நாணலெல்லாம் உறைபனியில் வெள்ளையாய் நின்றது. தண்ணீர் எங்கே முடிந்து மூடுபனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் எங்கோ பறவைகள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தன. முதலாளி சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.

வெடி கேட்டதும் இருவரும் சேற்றில் குப்புற விழுந்து தலையை மூடிக்கொண்டோம். யோசிக்கவே இல்லை, உடம்பு தானாகச் செய்தது. பிறகு ஓர் இரைச்சல். "டேய், மேல பார்!" என்று நீ கத்தினாய். மல்லாந்தேன். ஏரியே எழும்பிவிட்டது, மச்சான்! ஆயிரம் ஆயிரமாய்த் தாராக்களும் அன்னங்களும் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு எங்கள் முகத்துக்கு மேலால் போயின. இறக்கைக் காற்று நெற்றியில் பட்டது. குளிர்ந்த துளிகள் கண்ணில் விழுந்தன. ஊரில் வானத்தில் விமான இரைச்சல் கேட்டுப் பதுங்க மட்டுமே தெரிந்த நமக்கு, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டும் கிடக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது. இன்றும் அப்படி ஏதும் கேட்டால் என் உடம்பு பதுங்கப் பார்க்கிறது. கண் மட்டும் மேலே போகிறது.

நாய் ஒரு தாராவைக் கவ்வி வந்தது. முதலாளி தொப்பியைக் கழற்றி, ஊசியிலை மரத்தில் சிறு கொப்பொன்றை முறித்து, அதன் அலகில் வைத்தார். மற்ற வேட்டைக்காரர் மானுக்குத்தான் வைப்பார்களாம்; இவர் தாராவுக்கும் வைப்பார். என்ன இது என்று கேட்டாய். "கடைசி வாய்ச் சாப்பாடு. வெறும் வாயோடு அனுப்பக் கூடாது" என்றார்.

உன் முகம் மாறிவிட்டது. "வாய்க்கரிசியடா" என்றாய். இடம்பெயர்ந்து ஓடும்போது ஷெல் பட்டு விழுந்த உன் அப்பாவை வீதியோரத்தில் விட்டு வந்ததை முன்பு ஒருதரம் சொல்லியிருந்தாய். மீதியை அன்றுதான் சொன்னாய். "சைக்கிளில அரிசி மூட்டை கிடந்தது மச்சான். ஒரு பிடி போட நேரமில்லை."

அடுத்த தாரா வந்தபோது முதலாளி கொப்பை உன்னிடம் நீட்டினார். வாங்கிக் குனிந்தாய். கை அலகுவரை போகவில்லை. "என்னால ஏலாது, நீ வை" என்றாய். நான் வைத்தேன்.

போன மாதம் உன்னைத் தகனசாலையில் கிடத்தியிருந்தார்கள். குருக்கள் அரிசித் தட்டோடு என்னைக் கூப்பிட்டார். உன் வாயில் ஒரு பிடி போட்டேன். இன்னொரு பிடி அள்ளினேன். "ஒருக்காப் போட்டாக் காணும், தம்பி" என்றார். "இது இவன்ர அப்பாவுக்கு, ஐயா" என்றேன். அவர் தட்டை என் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்.

அங்கே உன் அப்பாவைக் கண்டிருப்பாய். அந்த ஒரு பிடி வந்து சேர்ந்ததா என்று கேட்டுச் சொல்லடா.