மோட்டாரைச் சுற்றியிருந்த சாக்கு

அம்மா,

படகு மோட்டாரைச் சுற்றியிருந்த சாக்கின் முடிச்சு நான் போட்டது இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

நான் போட்டது ரிப்பன் முடிச்சு. எட்டாம் வகுப்பில் எனக்கு வேறு முடிச்சு தெரியாது. ரெட்டைப் பின்னலுக்குப் போடுவதையே சணல் கயிற்றிலும் போட்டேன். இப்போது இருந்தது, தறியில் பாவு நூலைப் பிணைக்கிற மாதிரி முறுக்கி, முனையை உள்ளே தள்ளிய முடிச்சு. தீர்ந்துபோன பாவின் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளைச் சேர்க்கும் அந்த வேலையைத்தான் இரண்டு வருடமாகக் காஞ்சிபுரத்தில் ஒரு தறிவீட்டில் செய்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நீயும் அதைத்தான் செய்தாய். அரிசி மூட்டையைக்கூட அப்படித்தான் கட்டுவாய். அவிழ்க்கத் தெரியாமல் அப்பா கத்தியை எடுப்பார்.

தகரக் கொட்டாயில் அந்தச் சாக்கின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வருடம் தாமல் ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிறது. நீ போன பிறகு கலைந்துபோன மகளிர் குழு மறுபடி சேர்ந்து மீன் குத்தகை எடுத்திருக்கிறது. திங்கட்கிழமை நடு ஏரியில் மீன் குஞ்சு விட வேண்டும். வியாழக்கிழமை குழுவில் இருக்கிற எதிர்வீட்டு அத்தை வந்து வாசலில் நின்றது.

"படகு கரையில இருக்குது, மோட்டார் உங்க வூட்ல இருக்குது. ஓடுமா ஓடாதா, ஒண்ணு சொல்லுங்கண்ணா."

"நாலு வருஷமா தூங்குதுமா. பாக்கறேன். ஓடலன்னா ஞாயித்துக்கெழம காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்றார் அப்பா.

ஓடாது என்று எனக்குத் தெரியும். ஏன் தெரியும் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

குழுவுக்காக நீ படகு ஓட்டியதை நினைத்துப் பார்க்கிறேன். புடவைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை. ஒரு கை பின்னால் மோட்டாரின் பிடியில். கரையில் இருந்த ஆண்கள், "தோ பார்டா, கப்பல் கேப்டன் போறாங்க" என்று சிரித்தார்கள். நீ படகைத் திருப்பிக்கொண்டே வந்தாய். "வா, ஏறிக்கோ. நடுவுல எறக்கி வுடறேன், நீஞ்சிக்கினு வந்து சேரு!" அவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள், நீயும்தான். நான் படகின் முனையில் தலையைக் குனிந்து, மீன் தீவன மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்திருந்தேன்.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம், அப்பா மோட்டாரைப் படகிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கொட்டாயில் மரச்சட்டத்தில் மாட்டினார். நீ படுத்துக்கொண்டே எனக்குச் சொன்னாய்: "கீழ பேரல வச்சி தண்ணி ஊத்தி ஓட்டு. ஓடும்போதே பெட்ரோல் டியூப புடுங்கிடு. உள்ள இருக்கறத குடிச்சிட்டு அதுவா நிக்கும். அப்புறம் பிளக்க கழட்டி ஆயில் ஊத்து. பெட்ரோல் உள்ளயே நின்னா பிசினாயிடும். மோட்டார் செத்துது."

எனக்கு எல்லாம் தெரியும். நீ செய்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் கொட்டாய் தெருவைப் பார்த்து இருந்தது. எதிரே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த மோட்டாரைக் கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். நான் சாக்கை மட்டும் சுற்றிக் கட்டினேன்.

மறுநாள் கேட்டாய். "இன்னாடி, ஓட்டி நிறுத்தினியா?"

"ம்."

"ஆயில் ஊத்தினியா?"

"ஊத்திட்டேன்மா."

என் வலது கையை எடுத்து உன் முகத்தருகே கொஞ்ச நேரம் வைத்திருந்தாய். பிறகு கன்னத்தில் வைத்துக்கொண்டாய். நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் உன்னைப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மோட்டாரைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்பிவிட்டாய் என்று இருந்தேன். மறுபடி போனாய், திரும்பி வரவில்லை. ஒன்பதாவது பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். நாலு வருடம் கொட்டாய்க்குள் காலே வைக்கவில்லை. சாகப்போகிற உன்னிடம் பொய் சொன்னேன் என்பது அந்தச் சாக்குக்குள் இருந்தது. அதனால் அத்தை வந்து கேட்டபோது, யாரும் பிரிக்காமலே அது காயலான் கடைக்குப் போய்விட்டால் நல்லது என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் கொட்டாய்க்குள் போய், அந்த முடிச்சை நான் அவிழ்த்தேன். அப்பா கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தைக் கழற்றினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பளபளன்னு இருக்குது. ஒரு சொட்டு பிசின் இல்ல" என்றார். "பாப்பா, நல்லா செஞ்சி வச்சிருக்கே. உங்கம்மா சொன்ன மாதிரியே."

பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். பேசாமல் இருப்பது எனக்கு வராத வேலையும் இல்லை.

"நான் செய்யலபா" என்றேன். "அம்மாகிட்ட செஞ்சேன்னு பொய் சொன்னேன்."

அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். வாசலில் நின்றிருந்த அத்தைதான் பேசியது.

"அவதான் ஓட்டுனா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருந்தா இல்ல, அப்ப. நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க, பாப்பா ஸ்கூலுக்கு. என்ன கூப்ட்டு ஆறு கொடம் தண்ணி ஊத்தச் சொன்னா. நிக்கக்கூட முடியல, அந்த மரச்சட்டத்தப் புடிச்சிக்கினு நின்னா. ஏன்டி, பொண்ணு செய்யலியான்னு கேட்டேன். 'கூச்சம் அவளுது, மோட்டார் என்னுது. நீ தண்ணிய ஊத்து'ன்னா."

"என்கிட்ட ஏன் அத்தை சொல்லல?"

"நீ எங்கடி என்கிட்ட வாயத் தொறந்தே, நான் சொல்றதுக்கு? நாலு வருஷத்துல இப்பதான் முழுசா ஒரு வார்த்த கேக்கறே!"

அப்பா சிரித்தார். கொஞ்சம் கழித்து எழுந்து, முகம் கழுவப் போனார்.

உன் முகத்தருகே நீ ஏன் என் கையை வைத்திருந்தாய் என்று அப்போதுதான் புரிந்தது. பெட்ரோல் தொட்ட கை ரெண்டு நாளைக்கு நாறும் என்று நீயே சொல்வாய். அன்று என் கையில் சோப்பு வாசனை மட்டும்தான் இருந்திருக்கும். தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் கன்னத்தில் வைத்தாய். நான் பாசம் என்று எடுத்துக்கொண்டது தப்பில்லை. ஆனால் அதற்குள் இவ்வளவு இருந்தது என்று தெரியாது.

இழுத்துக் கிளப்புகிற கயிறு மக்கியிருந்தது, முதல் இழுப்பிலேயே அறுந்தது. வெள்ளிக்கிழமை தறிவீட்டில், ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடாவை இழுக்கிற நைலான் கயிற்றில் ஒரு துண்டு கேட்டேன். காலையில் கேட்க நினைத்தது, சாயங்காலம்தான் வாயில் வந்தது. அவர்கள் உடனே கொடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை பேரலில் தண்ணீர் நிரப்பி, புது பிளக் போட்டு இழுத்தோம். அப்பா இழுத்தார், தோள் வலிக்கிறது என்றார். நான் இழுத்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு தடவை இருமியது. அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. தகரம் எல்லாம் அதிர்ந்தது. ஆனால் மோட்டாரைக் குளிர வைத்துவிட்டுப் பக்கத்து ஓட்டை வழியாக வெளியே வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. சூடாகிவிடும் என்று அணைத்தோம். ஓட்டைக்குள் குளவி மண் கூடு கட்டியிருந்தது. கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, மறுபடி இழுத்தேன். இந்த முறை தண்ணீர் பீய்ச்சி அப்பாவின் வேட்டியை நனைத்தது.

தெருவே வந்துவிட்டது. அன்று கிரிக்கெட் ஆடியவர்களில் இரண்டு பேர், இப்போது மீசையோடு, பைக்கை நிறுத்திப் பார்த்தார்கள். என் முகம் சுட்டது. அந்தக் கூச்சம் எங்கேயும் போகவில்லை அம்மா, என்னோடுதான் இருக்கிறது.

"ஓடுதுமா!" என்று அத்தை கத்தியது. "போதும் பாப்பா, நிறுத்து" என்றார் அப்பா.

நான் பெட்ரோல் டியூபைப் பிடுங்கினேன்.

"நாளன்னிக்கு ஏரிக்குப் போவப்போவுது, அத ஏன் புடுங்கறே?" என்றார் அப்பா.

உள்ளே இருந்ததைக் குடித்துவிட்டு அதுவாக நிற்கும்வரை, எல்லோரும் பார்க்க, மோட்டார் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நின்றதும் பிளக்கைக் கழற்றி ஆயில் ஊற்றினேன். பிறகு என் வலது கையை முகர்ந்து பார்த்தேன்.