இறால் குஞ்சுகளும் இரண்டு சொம்புத் தண்ணீரும்

ஏப்ரல் 9, வியாழன்
காலையிலேயே வேர்வை. வீட்டில் வளர்க்கும் கடல் இறால் குஞ்சுகளுக்கு இன்று 31ஆம் நாள். பொரிந்த அன்று இருநூறுக்கு மேல், இப்போது 43. முந்தைய மூன்று தடவையும் இருபது நாள் தாண்டவில்லை. பெரிய தொட்டியில் பெற்றோர் இரண்டும் சுகம். (மாறி மாறித் தாயாகிற ஜாதி. ஆபீசில் சொன்னால் சிரிக்கிறார்கள்.)

என் பங்கு குறைவு. நான் கிளம்பியபின் சாந்தாதான் தீனிப் பூச்சியை முட்டையிலிருந்து பொரிக்கவைத்து, துணியில் வடிகட்டி, நாலு வேளை ஊட்டுகிறாள். முப்பது வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. பேச்செல்லாம் இறால்தான்.

ஏப்ரல் 10, வெள்ளி
சாந்தா ஆபீசுக்கே போன். "ஏன்னா, ஒண்ணு கீழ எறங்கி நிக்கறது! காலெல்லாம் ஊணிண்டு, அசல் இறால் மாதிரி!" மிதக்கிற குஞ்சு தரையில் நின்றால் பிழைத்த மாதிரி. மீட்டிங்கில் இருந்தேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். நாள் முழுக்கச் சந்தோஷம்.

ஏப்ரல் 12, ஞாயிறு
தரையில் இப்போது ஐந்து. விஷு வருகிறது, வீடு அமளி. குடம், சொம்பு, விளக்கு எல்லாம் சாந்தா புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று. குஞ்சுத் தொட்டியில் தண்ணீர் இரண்டு விரல் வற்றியிருந்தது. உப்பு அப்படியே தங்கும், நல்ல தண்ணீர்தான் விட வேண்டும். ஃபில்டர் தண்ணீர் கேன் காலி. குடத்திலிருந்து இரண்டு சொம்பு விட்டேன். கல்யாணத்துக்கு ஓட்டம், 10.30 முகூர்த்தம். கிழக்கேகோட்டையில் டிராஃபிக். பாயசம் சுமார்.

ஏப்ரல் 13, திங்கள்
ஒன்றுகூட உயிரோடு இல்லை. 43ம் அடியில், வெள்ளையாக.

நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் கரப்பான் மருந்து அடித்தாளாம். கேட்டதும் கத்திவிட்டேன். "உன் சுத்தமும் நீயும்! முப்பத்தஞ்சு நாள் உழைப்பு, ஒரே நாள்ல கொன்னுட்டியே!"

"கதவைச் சாத்திண்டுதானே அடிச்சேன்" என்றாள். அவ்வளவுதான். உழைப்பு யாருடையது என்று கத்தும்போது தோன்றவில்லை.

ஏப்ரல் 15, புதன்
விஷு. கணி கண்டோம். கொன்றைப்பூ வாடல். "சாப்பிட வரலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். வடிகட்டும் துணியைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 18, சனி
மழை. குடை ஆபீசில். பழவங்காடி மீன் கடை ஷாஜியிடம் குஞ்சுத் தொட்டித் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தேன். மருந்து சொட்டுவிட்டுக் குலுக்கினான். நிறம் மாறியது.

"சாமீ, வெள்ளத்தில செம்பு உண்டு கேட்டோ. எறாலுக்கு அது விஷமாணு. ஞான் ஆத்யமே பறஞ்ஞதல்லே?"

தண்ணீரில் செம்பு. ஆம், முதல் நாளே சொன்னான். 'செம்பு ஆகாது' என்று நானே சிவப்பு மையில் எழுதித் தொட்டிமேல் ஒட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் இந்த டைரியைப் புரட்டினேன். 12ஆம் தேதி. என் கையெழுத்து. குடமும் செம்பு, சொம்பும் செம்பு. சுத்தமான தண்ணீர் என்றால் இந்த வீட்டில் அந்தக் குடத்துத் தண்ணீர்தான், பூஜைக்கும் அதுதான். யோசிக்கவே இல்லை.

அவளிடம் சொல்ல வேண்டும். இன்று வேண்டாம், அவளுக்குத் தலைவலி. (பொய். எனக்குத் தைரியம் இல்லை.)

ஏப்ரல் 21, செவ்வாய்
கரண்ட் பில், செருப்புக்குத் தையல். பெரிய தொட்டியில் ஒன்றின் வயிற்றடியில் மறுபடி பச்சை முட்டை. எப்போதும் முதலில் பார்ப்பது அவள்தான். இப்போது அந்தப் பக்கமே வருவதில்லை.

காப்பி குடித்ததும் சொல்லிவிட்டேன். "சாந்தா, உன் மருந்தால இல்லை. நான்தான். குடத்துத் தண்ணிய விட்டுட்டேன்."

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும். சொம்போட போறச்சே பாத்தேன். எழுதி ஒட்டினவரே விடறார், ஏதோ தெரிஞ்சுதான் விடறார்னு இருந்துட்டேன்."

"நான் அப்படிக் கத்தினப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பேளா?"

நம்பியிருக்க மாட்டேன்.