காப்புக் கட்டியவருக்கு ஞாபகம் வந்தது

என் ஆசை அண்ணனுக்கு,

நீ சிறை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியதிலிருந்து உன்னிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. முதலில் நல்ல சேதி. வழக்கு சாகவில்லை. ஆயுள் தண்டனையை எதிர்த்து நீ போட்ட அப்பீலை, கூடப்பிறந்தவள் என்ற முறையில் நான் தொடர்ந்து நடத்த ஐகோர்ட்டில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். சென்னையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, விடியக்காலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நேரே வந்து டீக்கடையைத் திறந்தேன். நீ இருந்திருந்தால், "செத்த படுத்துட்டுத் தெறக்கக் கூடாதா புள்ள?" என்று திட்டியிருப்பாய்.

இன்னொரு சேதியும் இருக்கிறது. அது நல்ல சேதி இல்லை.

போன வாரம் நம்மூர் மாரியம்மன் கோயில் பூசாரி திருவிழாப் பத்திரிகையோடு கடைக்கு வந்தார். உன்னைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து நம் வாசலை மிதிக்காத மனுஷர். வந்தவரை வா என்று சொல்லாமல் இருக்க முடியுமா? டீ போட்டுக் கொடுத்தேன்.

ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே பேச்செடுத்தார். "ஒங்க அண்ணன் மாதிரி சுத்தபத்தமா வெரதம் இருந்தவன் நம்மூர்ல கெடையாதும்மா. அந்த வருசம் நாந்தான் காப்புக் கட்டுனேன். ரெங்கராசு சோளக்கொல்லையில வெட்டுப்பட்டுச் செத்துட்டான்னு சேதி வந்ததும் ஓடப் பாத்தான். காப்போட எழவு வூட்டுக்குப் போவக் கூடாதுடான்னு கையப் புடிச்சு நிறுத்துனேன். தெருமொனையில நின்னு அழுதுட்டுத் திரும்புனான், பாவம்."

விசாரணையில் கூண்டில் ஏறி இவர் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். "யார் யாருக்குக் கட்டுனேன்னு ஞாபகம் இல்லீங்க."

கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர்கூட இல்லை. நீயும் ரெங்கராசுவும் பக்கத்துக் கொல்லைக்காரர்கள், வரப்புக்காக ஒரு தரம் சத்தம் போட்டுக்கொண்டவர்கள். அதோடு, கூடப் பழகியவன் சாவுக்கே போகவில்லை, குற்றமுள்ள நெஞ்சு என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். வெளியூர் நீதிபதிக்கு நம் வழக்கம் தெரியாமல் இருக்கலாம். ஊருக்குமா தெரியாது? உன்னோடு காப்புக் கட்டிக்கொண்டவர்கள் ஒருத்தரும் அந்த வீட்டுக்குப் போகவில்லையே?

"அப்ப ஏன் கோர்ட்ல சொல்லல?" என்று கேட்டேன்.

"தேருக்கு ஸ்டேஷன்ல பர்மிஷன் வாங்கணும்ல தாயி. போலீஸப் பகைச்சுக்கிட்டா தேர் எப்படி ஓடும்? ஊரே கூடிப் பேசி எடுத்த முடிவும்மா அது."

கேட்டுக்கொள், அண்ணே. தேர் ஓடுவதற்கு உன்னைக் கொடுத்திருக்கிறார்கள். வெட்டப் போகிற ஆட்டின் மேல்கூட மஞ்சத்தண்ணி தெளித்து, அது சம்மதம் என்று உடம்பைச் சிலுப்புகிறதா எனக் காத்திருப்பார்கள். உன்னிடம் அதைக்கூடக் கேட்கவில்லை. இவர்கள் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டோமே என்று உடம்பெல்லாம் கூசுகிறது.

"இப்பவாவது வக்கீல்கிட்ட வந்து சொல்லுங்க" என்றேன்.

"அவந்தான் போய்ச் சேந்துட்டானே. செத்தவனுக்கு எதுக்கும்மா விடுதல?"

பத்திரிகையைக் கல்லா மேல் வைத்துவிட்டுப் போனார். அவர் குடித்த கிளாசைக் கழுவ மனசு வரவில்லை. குப்பையில் போட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிமெண்ட் லாரி டிரைவர் ஒருத்தர், அரியலூர்க்காரர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காசு கொடுக்க வந்தவர், "நான் கேட்டத எங்க வேணாலும் வந்து சொல்றேன்க்கா" என்றார். நம்மூரில் ஒரு வாய் சொல்லாத வார்த்தை அது. அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகையே வந்தது.

வக்கீல் சாரிடம் சொல்லிவிட்டேன். பூசாரியைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்க மனு போடுகிறார். கோர்ட் ஒத்துக்கொள்ளுமா, ஒத்துக்கொண்டாலும் அந்த ஆளுக்கு மறுபடி ஞாபகம் மறந்துவிடுமா, யாருக்குத் தெரியும்?

செத்தவனுக்கு எதுக்கு என்கிறார்கள். நீ இறந்த செய்தியைப் பேப்பரில் எப்படிப் போட்டார்கள் தெரியுமா? 'கொலைக் கைதி சாவு.' உன் பெயர்கூட இரண்டாவது வரியில்தான் வந்தது.

அந்த வார்த்தையோடு உன்னை விட்டுவிட மாட்டேன். கோர்ட்டில் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற அன்று நான் எழுந்து நிற்பேன். நீ கொல்லவில்லை என்று அவர்கள் வாயால் சொல்லும்வரை உட்கார மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா