தன் நிழலைப் பார்த்து நின்ற கண்ணாடி

இதை யாரிடமும் காட்டாதே. உன் அம்மாவிடம்கூட. அவர் போனில் என் அம்மாவிடம் சொல்லிவிடுவார். கோவில் வகுப்பில் நாம் படித்த தமிழில் எழுதுகிறேன். இங்கே வீட்டில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள், ஒருவருக்கும் படிக்கத் தெரியாது.

தாளை முகர்ந்து பார். மண்ணெண்ணெய் வாடை இல்லை. போர்வைக்குள் ஒரு சின்ன பல்பு எரிகிறது. நீங்கள் விட்டுப்போன மெஷின் கொடுத்த வெளிச்சம்.

சவுசவு ஊரில் ஒரு வெள்ளைக்காரர் பெட்டியைப் பிரிக்காமலே விட்டுப்போனதை உன் அப்பா லாரியில் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? வளைந்த கண்ணாடி வெயிலைக் குவித்து நடுவில் இருக்கும் கரண்டு தரும் பட்டையில் விழச் செய்யும். மோட்டார் அதைச் சூரியனோடு திருப்பும். லம்பாசா டவுனிலிருந்து வரும் கரண்டுக் கம்பம் நம் கரும்பு வயலை எட்டவில்லை. இனி அது வேண்டாம் என்று துள்ளினோம். கூட வந்த தாளில் தெற்கே பார்த்து நிறுத்தச் சொல்லியிருந்தது. நீ வாசித்தாய், உன் அப்பா போல்ட்டை முடுக்கினார். என் அத்தை மட்டும் தடுத்தார்.

“தெக்கே பாத்து வெக்காத தம்பி. அது எமன் பக்கம்.”

“எமனுக்கும் கரண்டு வேணாமாக்கா?” என்றார் உன் அப்பா.

ஒரு பல்புகூட எரியவில்லை. சாதாரண சோலார் தகடு என்றால் கோணலாக வைத்தாலும் கொஞ்சம் கொடுக்கும். இதற்குக் குறி தப்பினால் ஒன்றுமே கிடையாது. கரும்பு வெட்டுகிறவர்கள் வழியில் நின்று அதில் தலை வாரிவிட்டுப் போனார்கள். நீ மட்டும், “கெட்டுப்போகலடி. நமக்குத்தான் வெக்கத் தெரியல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

பிறகு தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு ஆட்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். இந்தியர் வீடு என்று உங்கள் கூரையில் இரண்டு இரவு கல் விழுந்தது. மறுவாரம் நீங்கள் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டீர்கள். பஸ் படியில் நின்று ஸ்பானர் பையை என் கையில் கொடுத்தாய்.

காலி வீடுகளுக்குக் கொள்ளையடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று அப்பா உங்கள் முற்றத்துக்குப் போகக் கூடாதென்றார். ராத்திரி விளக்கும் கூடாது. ஓடாத மெஷினுக்கு யார் காவல் இருப்பது என்று பழைய இரும்புக்காரரை நாளைக் காலை வரச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது. நேற்று மதியம் கரும்புக்குள் புகுந்து போனேன். இலை அசைந்தாலும் உட்கார்ந்துகொண்டேன். அங்கே மெஷினைத் தாங்கும் கம்பத்தின் நிழல் கண்ணாடியின் முகத்துக்கு நேராக விழுந்திருந்தது. மெஷின் தன் நிழலையே பார்த்துக்கொண்டு நின்றது! அந்தத் தாளை அச்சடித்தவர்கள் பூமியின் மேல் பாதியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மதிய வெயில் தெற்கே. நமக்கு வடக்கே. அம்மா மிளகாய் காயவைப்பது வீட்டுக்கு வடக்குப் பக்கம்தான். தினமும் அதைப் பார்த்துவிட்டு நாம் தாளை நம்பினோம். அத்தை சொன்ன காரணம்தான் தப்பு.

நான்கு போல்ட்டைத் தளர்த்தி, கழியால் நெம்பித் தலையைத் திருப்பினேன். பட்டையில் ஒளிக்கோடு விழுந்தது. கை தட்டினேன். தட்டி முடிப்பதற்குள் கோடு நகர்ந்துவிட்டது. சூரியன் மேற்கே போக, மோட்டார் கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தது. முகத்தைத் திருப்பியதில் அதற்கு வலம் இடமாகிவிட்டது. இருட்டும்வரை எனக்கு இது புரியவில்லை.

இன்று போய், மோட்டார் எதிர்ப்பக்கம் திரும்பட்டும் என்று அதன் இரண்டு ஒயர்களையும் மாற்றிச் சொருகினேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை கோடு பட்டையை விட்டு விலகவே இல்லை. பட்டப்பகலில் பல்பு எரிந்தது. உங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். யாராவது கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. மெஷினின் கரண்டு ஏறிய பேட்டரியைத் தள்ளுவண்டியில் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்தேன்.

இப்போது எது ஓடவில்லை என்றாலும், அதைத் திட்டுவதற்கு முன் நான் எப்படி வைத்தேன் என்று பார்க்கிறேன். அது நீ கொடுத்தது. அப்பாவிடம் சொல்லும் தைரியத்தைத்தான் கொடுக்காமல் போய்விட்டாய். இரும்புக்காரர் வருவதற்குள் சொல்லியாக வேண்டும். போகாதே என்ற இடத்துக்குப் போனதையும் சேர்த்துச்—

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவின் செருமல். இடுக்கில் வெளிச்சம் தெரிந்திருக்கும். அணைக்கக் கை போனது. அணைக்கவில்லை. பார்க்கட்டும், நான் கதவைத் திறக்கிறேன்.