தனியாகச் சமாளிக்கத் தெரிந்தவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம்.

எங்கள் ரொட்டிக்கடையை முதலாளி விற்கிறார். கடைப்பெயர் கம்பெனியுடையது. வாங்குகிறவர் தனியாகச் சமாளிப்பார் என்று கம்பெனி ஒப்புக்கொண்டால்தான் விற்கலாமாம்.

"நீதாம்ப்பா அவருக்கு எல்லாம் பழக்கணும்" என்றார் முதலாளி. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அடுப்பின் குணம்வரை சொல்லிக்கொடுத்தேன்.

நேற்று கம்பெனிக்காரர் சோதிக்க வந்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். வாங்குகிறவர் தனியாகச் சுடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு ரொட்டிகூடக் கருகவில்லை.

"பிரமாதமா பழக்கியிருக்கீங்க" என்று என் கையைக் குலுக்கினார் கம்பெனிக்காரர். கையோடு, கம்பெனிப் பெயர் போட்ட என் தொப்பியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கவலைப்படாதீர்கள். இங்கே குளிர்தான் அதிகம். என் பழைய கம்பளித் தொப்பியைத் தேடி வையுங்கள். இந்தக் கடைமாடி விலாசத்துக்கு மட்டும் இப்போது அனுப்பாதீர்கள்.

கீழே பூட்டு மாற்றுகிற சத்தம் கேட்கிறது. இறங்கிப் பார்க்கிறேன்.

உங்கள் மகன்