ஏழாம் பக்கம்

1958 மார்ச் 4, செவ்வாய்

ஒன்றுமே எழுதாத பக்கம் முடிந்த பக்கமா, தொடங்காத பக்கமா? எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடம் இசையமைப்பாளர் கெல்லருடைய இசைத்தாள்களை நகலெடுத்தவளுக்கே தெரியாவிட்டால் நியூயார்க்கில் வேறு யாருக்குத் தெரியும்?

அவர் இறந்து ஐந்து வாரம். கடைசியாக எழுதிய பியானோ படைப்பு ஏழு பக்கம். தாளில் இயல்பாகவே இருக்கும் கறை, நார், துளை எல்லாவற்றையும் தேடிப்பிடித்துப் பென்சிலால் புள்ளி வைப்பார். பிறகு குறுக்கே சுரக்கோடுகள் இழுப்பார். புள்ளி எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் சுரம். பலமாகவா மெதுவாகவா என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்வார்.

“என் ரசனை எனக்கே அலுத்துப்போச்சு எடித். நான் இல்லாம இசை எப்படி இருக்கும்னு கேக்கணும்.”

“அப்போ கைதட்டலை அந்த நாணயத்துக்கே குடுத்துடுங்க” என்றேன் ஒருமுறை. இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆறு பக்கத்தில் புள்ளிகள். ஏழாவதில் அவர் கையெழுத்தில் ‘7’, ‘4 நிமிடம் 10 விநாடி’. வேறு எதுவும் இல்லை. பதினைந்தாம் தேதி கச்சேரி.

மார்ச் 6

கச்சேரியில் பியானோ வாசிக்கப்போகும் டோபியாஸ் பயிற்சிக்கு வந்தான்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க எடித். ஏழாம் பக்கத்துல நான் சும்மா உக்காரணுமா, எழுந்து போயிடணுமா?”

“பாத்துக்கிட்டிருக்கேன்.”

“மனுஷன் ஊரெல்லாம் மௌனம் மௌனம்னு பேசினாரு. கடைசியா அதையே எழுதிட்டுப் போனாருன்னு வெச்சுக்கலாமே?”

“நம்ம இஷ்டத்துக்கு வெச்சுக்க இது என்ன பூந்தொட்டியா?”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அச்சுப் பிரதியில் நான் எதைப் போடுகிறேனோ, அதைத்தான் இனி எல்லோரும் கெல்லர் என்பார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டைக் காலி செய்ய அவருடைய அக்கா லவினியா ஒஹாயோவிலிருந்து வந்திருக்கிறார். சட்டைகளை மடித்துக்கொண்டே பேச்சு.

“பள்ளிக்கூடத்துலேயே இவன் பாதிக் கணக்கு போட்டுட்டு ஜன்னலைப் பாத்துட்டிருப்பான். அதுக்கு இப்போ பெரிய பேர் வெச்சிருக்கீங்க.”

கடைசிச் சட்டையில் கை நின்றது.

“கடைசியா எழுதினதை முடிச்சிட்டுத்தான் போனானா எடித்? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்.”

மார்ச் 10

ஏழாம் பக்கம் வேறு தாள். நான் வாங்கிக் கொடுத்த தாள்.

மார்ச் 11

நேற்று மேலே எழுத முடியவில்லை. அவருடைய மலிவுத் தாளில் மை ஊறுகிறது, நகலெடுக்க முடியவில்லை என்று ஜனவரியில் நல்ல தாளாக ஐம்பது வாங்கிக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இவ்ளோ சுத்தமாவா? இதுல நான் என்ன பண்றது?” நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்!

கறையில்லாத தாளில் புள்ளி எங்கே விழும்? அப்படியானால் இந்த மௌனம் எங்கிருந்து வந்தது? என் நச்சரிப்பிலிருந்தா? இதுவும் தற்செயல்தானா? அவர் ஆமாம் என்பார். எனக்கு அப்படி எளிதாக ஆமாம் சொல்ல வரவில்லை.

மார்ச் 13

பூதக்கண்ணாடியுடன் ஒரு மணி நேரம். இடப்பக்கம் கீழே ஒரு நார். இமை முடியில் பாதி நீளம். அவர் தேடியிருந்தால் அதன்மேல் புள்ளி விழுந்திருக்கும். விழவில்லை. ஆகவே தேடவே இல்லை. ஆகவே படைப்பு முடியவில்லை.

ஆனால் — கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாரே. தேடியும் கண்ணில் படாமல் போயிருந்தால்? ஐயோ, போதும். என் கையில் இருக்கிற சான்று இந்த நார் ஒன்றுதான்.

மார்ச் 14, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். ‘முற்றுப்பெறாத படைப்பு, ஆறு பக்கங்கள்’ என்று நிகழ்ச்சிச் சீட்டு அச்சாகி வந்துவிட்டது. ஆறாவது முடிந்ததும் நான் ஏட்டை மூடுவேன், டோபியாஸ் எழுந்திருப்பான்.

“உங்க மூஞ்சியைப் பாத்தா நீங்களே நம்பின மாதிரி இல்லையே” என்றான்.

“மூஞ்சியை எதுக்குப் பாக்கறீங்க? தாளைப் பாருங்க.”

லவினியாவிடமும் சொன்னேன். “சரிம்மா” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று நடந்தது.

அறுபது பேர் இருக்கும். நான் பியானோ பக்கத்தில், பக்கம் புரட்ட. ஆறாம் பக்கத்தின் கடைசி சுரம் அடங்கும்வரை டோபியாஸ் காத்திருந்தான். சீட்டைப் படித்திருந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். நான் ஏட்டை மூட வேண்டும். மூடவில்லை. பக்கத்தைப் புரட்டினேன். கை தானாகப் புரட்டியது என்று எழுதப் பார்க்கிறேன், அது பொய். நான்தான் புரட்டினேன். ஏன்?

டோபியாஸ் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டான். கைதட்டல் குழம்பி நின்றது. யாரோ சீட்டை மறுபடி விரிக்கும் ஓசை. நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தினேன். முன்வரிசையில் லவினியா கைப்பையைத் திறந்து திறந்து மூடினார். இரண்டு நிமிடம் போனபின் அதுவும் நின்றது. நான் நாரைத் தேடினேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை.

நான்கு நிமிடம் பத்து விநாடி. மூடினேன்.

வாசலில் ஒருவர் சீட்டை நீட்டினார். “ஆறுன்னு போட்டிருக்கே? அச்சுப்பிழையா?”

“இல்லை. தப்பு என்னோடது.”

லவினியா கோட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். “அப்போ முடிச்சிட்டானா?”

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“முடிச்சிட்டார்” என்றேன்.