கட்டிலுக்கு உங்கள் பக்கம் இருந்த பேட்டரி

சிலேஷேயின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். சொல்வெசி சுரங்கத்தில் உங்களுக்கு வேலை எப்படிப் போகிறது என்பதை உங்கள் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். இருக்கட்டும்.

போன வாரம் படுக்கையறையில் ஒரே நாற்றம். கபெண்டாக் கருவாடுதான் என்று நினைத்து மூட்டையை வெளியே தூக்கி வைத்தேன். அதை விற்ற பக்கத்து வீட்டு முசொண்டாவிடம், "அழுகினத என் தலையில கட்டிட்டியேடி!" என்று சண்டையும் போட்டேன். நாற்றம் போகவில்லை. அன்று மாலை குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே தூக்கி வந்தபோது, உங்கள் மகள் வாசலிலேயே மறித்தாள்.

"நெருப்போட உள்ள வராதம்மா! இன்வெர்ட்டர் பேட்டரி உப்பிக் கெடக்கு. முட்ட அழுகின நாத்தம் அதுலேர்ந்துதான் வருது!"

அடுப்பை முற்றத்திலேயே விட்டேன். சன்னல்களைத் திறந்துவிட்டு, அறைச் சுவிட்சைத் தொடாமல், வெளியே இருக்கும் மெயினை அணைத்தோம். மறுநாள் பேட்டரியின் சூடு ஆறியதும் மெக்கானிக் கபெம்ப்வா கையுறை போட்டு அதை எடுத்துப் போனார்.

"தூங்குற எடத்துலயா இத வைப்பாங்க?" என்று கேட்டார். திருடனுக்குப் பயந்து என்றேன். அதை அங்கே வைப்பதைப் பற்றி நாம் போட்ட சண்டையைச் சொல்லவில்லை.

முசொண்டாவுக்கு அந்தக் கருவாட்டையே குழம்பு வைத்துக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

புதுப் பேட்டரி பின்வாசலில், பூட்டிய கம்பிக் கூண்டுக்குள் காற்றாட இருக்கிறது. பழையது நின்ற இடத்தில்தான் முன்பெல்லாம் நீங்கள் செருப்பைக் கழற்றிப் போடுவீர்கள். கழுவித் துடைத்துவிட்டேன். அங்கே வேறு எதையும் வைக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா